கடல் குதிரையை வீட்டு அக்வேரியத்தில் வளர்க்கலாமா? வயிறு இல்லாத மீனும் ஏழு ஆண்டு சிறையும்

இரவு பதினொரு மணி. ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போகும் விரல் ஓரிடத்தில் நிற்கிறது. நீல வெளிச்சத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே மஞ்சள் நிறத்தில், விரல் நீளத்தில் ஒரு கடல் குதிரை. வாலை ஒரு பாசித் தண்டில் சுற்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே மெல்ல ஆடுகிறது. இப்படி ஒரு வீடியோவைப் பார்த்தால் அடுத்து மனதில் ஓடும் கேள்வி என்னவென்று தெரிந்ததுதான்: 'இது எங்க கிடைக்கும்? எவ்வளவு ஆகும்?'

ஆசை நியாயமானதுதான். குதிரை முகம், குரங்கு வால், பச்சோந்திக் கண், கங்காருப் பை என்று நான்கு விலங்கை ஒட்டிச் செய்ததுபோல இருக்கும் ஒரு மீனைப் பார்த்தால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் பதில் இரண்டு பகுதியாக வருகிறது. இந்தியாவில் இருந்துகொண்டு கேட்டால்: வளர்க்க முடியாது, சட்டம் விடாது. சட்டம் அனுமதிக்கும் நாட்டில் இருந்துகொண்டு கேட்டால்: முடியும், ஆனால் மற்ற மீன் வளர்ப்புபோல நினைத்து இறங்கினால் அது உங்கள் கண்ணெதிரே பட்டினியில் சாகும்.

இரண்டுக்கும் காரணம் அந்த மீனின் உடம்புதான். அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

முதலில், இது எப்படிப்பட்ட மீன்?

கடல் குதிரை மீன்தான். செவுள் உண்டு, துடுப்பு உண்டு. செதில் மட்டும் இல்லை. அதற்குப் பதில் தோலுக்கு அடியில் வளையம் வளையமாக எலும்புத் தகடுகள். உலகக் கடல்களில் 40-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. எல்லாமே 'ஹிப்போகாம்பஸ்' என்ற ஒரே பேரினம். நம் மூளையில் நினைவுகளைக் கையாளும் பகுதிக்கும் இதே பெயர்தான். அந்தப் பகுதி பார்க்கக் கடல் குதிரைபோல வளைந்திருக்கும் என்பதால் வைத்த பெயர்.

நீச்சலில் ரொம்ப சுமார். மற்ற மீன்களுக்கு உந்துவிசை தரும் வால் துடுப்பு இதற்குக் கிடையாது. முதுகில் இருக்கும் சின்னத் துடுப்பை நொடிக்குச் சுமார் 35 முறை அடித்துத்தான் முன்னே நகரும். தலைக்குப் பக்கத்தில் உள்ள இரண்டு குட்டித் துடுப்புகள் திரும்புவதற்கு. அமெரிக்காவின் ஃபுளோரிடா பக்கம் வாழும் குள்ளக் கடல் குதிரை ஒரு மணி நேரத்தில் நகரும் தூரம் ஒன்றரை மீட்டர்தான். உலகின் மிக மெதுவான மீன் என்ற கின்னஸ் பட்டம் அதற்குத்தான்.

துரத்திப் பிடிக்க முடியாத மீன் எப்படிச் சாப்பிடும்? காத்திருந்துதான். கடல்புல்லிலோ பாசியிலோ வாலைச் சுற்றிக்கொண்டு அசையாமல் நிற்கும். இரண்டு கண்களும் தனித்தனியே சுழலும். மணல் துகள் அளவு இருக்கும் கோபிபாட் போன்ற உயிர்கள் பக்கத்தில் வந்ததும் தலையை மெதுவாக நீட்டும். அதன் மூக்கைச் சுற்றிய நீர் கிட்டத்தட்ட அலுங்காமல் இருக்கும்படி தலையின் வடிவம் அமைந்திருக்கிறது என்று 2013-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நீரின் அசைவை வைத்துத் தப்பி ஓடும் கோபிபாட்டுக்கு எதிரி வந்ததே தெரியாது. குழல்போன்ற வாயால் ஒரு உறிஞ்சு, முடிந்தது கதை. அமைதியான நீரில் குள்ளக் கடல் குதிரையின் வேட்டை பத்துக்கு ஒன்பது முறை பலிக்கிறது.

இவ்வளவு திறமையான வேட்டைக்காரனுக்குப் பல் கிடையாது, வயிறும் கிடையாது. உள்ளே போன இரை நேராகக் குடலுக்குப் போய்விடும். தேக்கி வைத்து மெதுவாகச் செரிக்க ஒரு பை இல்லை. அதனால் சாப்பிட்டதில் ஒரு பகுதி சத்து எடுக்கப்படாமலே வெளியே போகும். கடலில் இது பிரச்சினை இல்லை. பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்துக்கொண்டே இருக்கலாம். பிரச்சினை வீட்டுத் தொட்டியில்தான். காலையில் ஒரு சிட்டிகை தீனி போட்டுவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிப் போகிற வளர்ப்பாளருக்கு ஏற்ற மீன் இது இல்லை.

கடையில் விற்கும் உலர் தீனியை இது திரும்பிக்கூடப் பார்க்காது. அசையும் பொருளைத்தான் இரை என்று அதன் மூளை புரிந்துகொள்ளும். கடலில் பிடிபட்ட கடல் குதிரையைத் தொட்டியில் விட்டு, உறைந்த இறால் துண்டைப் போட்டால், அது மூக்கின் முன்னால் மிதந்து போனாலும் தொடாது. முதல் வாரம் எல்லாம் சரியாகத்தான் தெரியும். வாலைச் சுற்றிக்கொண்டு அழகாக நிற்கும். தகட்டு உடம்பு என்பதால் மெலிவது உடனே தெரியாது. பிறகு வயிற்றுப் பக்கத்துத் தகடுகளுக்கு நடுவே தோல் உள்வாங்கும். அந்தக் குழி கண்ணுக்குத் தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

காமிக்ஸ் புத்தகத்தில் வந்த விளம்பரம்

வீட்டில் கடல் குதிரை வளர்க்கும் ஆசை இன்ஸ்டா காலத்துச் சமாச்சாரம் இல்லை. 1950, 60-களில் அமெரிக்கச் சிறுவர்களின் காமிக்ஸ் புத்தகங்களில் 'உயிருள்ள கடல் குதிரை' என்று விளம்பரம் வரும். தபாலில் பணம் அனுப்பினால், ஃபுளோரிடாவிலிருந்து தபாலிலேயே ஒரு ஜோடிக் குள்ளக் கடல் குதிரை வரும். கூடவே பொரிக்க வைத்துத் தீனியாகப் போட ஆர்டீமியா முட்டைகள். உப்பையும் தண்ணீரையும் கலந்து ஒரு கண்ணாடி ஜாடியில் விட்டால் போதும் என்பதுபோல அந்த விளம்பரங்கள் பேசின. ஜாடியில் இறங்கிய பிறகு அந்தக் கடல் குதிரைகள் எத்தனை நாள் தாக்குப்பிடித்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

நிலைமை மாறியது 1990-களின் கடைசியில். 1998-ல் ஹவாய் தீவின் கோனா கடற்கரையில் 'ஓஷன் ரைடர்' என்ற கடல் குதிரைப் பண்ணை தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவிலும் குளிர்நீர் இனமான பெருவயிற்றுக் கடல் குதிரையை வளர்க்கும் பண்ணை வந்தது. வியட்நாம், இலங்கை போன்ற நாடுகளிலிருந்தும் பண்ணையில் பிறந்த கடல் குதிரைகள் ஏற்றுமதியாகத் தொடங்கின.

பண்ணையில் பிறந்ததற்கும் கடலில் பிடித்ததற்கும் என்ன பெரிய வித்தியாசம்? சாப்பாடுதான். குஞ்சாக இருக்கும்போதே உயிருள்ள இரையோடு உறைந்த மைசிஸையும் சேர்த்துச் சேர்த்துப் போட்டுப் பழக்குவார்கள். மைசிஸ் என்பது இறால்போல இருக்கும் குட்டி உயிர். அசையாத இரையையும் சாப்பிடலாம் என்று கற்றுக்கொண்ட பிறகுதான் அந்தக் கடல் குதிரை விற்பனைக்கு வரும். வெளிநாட்டு வளர்ப்பாளர்கள் மத்தியில் 'பண்ணையில் பிறந்ததைத் தவிர வேறு எதையும் வாங்காதே' என்பது கிட்டத்தட்ட எழுதப்படாத விதி.

சட்டம் அனுமதிக்கும் ஊரில் எப்படி வளர்க்கிறார்கள்?

அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ ஒரு ஜோடி வளர்க்கிற ஒருவரின் தொட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதலில் கண்ணில் படுவது உயரம். கடல் குதிரைகள் இணை சேரும்போது ஒன்றோடொன்று சேர்ந்து மேல்நோக்கி எழும். அதற்கு இடம் வேண்டும் என்பதால் தொட்டி குறைந்தது 45 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். ஒரு ஜோடிக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர். தொட்டியை வாங்கிய அன்றே மீனை விட மாட்டார்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிரிகள் ஃபில்டரில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை காலித் தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அக்வேரியம் வைக்கிறவர்களில் பாதிப் பேர் தோற்பது இந்த ஆறு வாரப் பொறுமையில்தான்.

அடுத்தது வெப்பநிலை. இதைக் கேட்டால் சென்னைவாசிகளுக்குத் தூக்கிவாரிப் போடும். வெப்பமண்டல இனம் என்றாலும் தொட்டியில் 23 முதல் 25 டிகிரி செல்சியஸ்தான் பாதுகாப்பு. 'கடலில் 29 டிகிரியில் வாழ்கிறதே, தொட்டியில் ஏன் கூடாது?' என்று கேட்கலாம். கடல் பெரிது, தொட்டி சிறிது. மூடிய நீரில் வெப்பம் ஏற ஏற 'விப்ரியோ' வகை பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகும். கடல் குதிரைக்கு அதுதான் எமன். வால் அழுகுவது, தோல் புண்ணாவது என்று தொடங்கிச் சில நாட்களில் முடிந்துவிடும். அதனால் தண்ணீரைக் குளிரூட்டும் சில்லர் வேண்டும். இரவு பகலாக ஓட வேண்டும். மின்வெட்டு வந்தால் பம்ப் நிற்கும், தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். எனவே மாற்று மின்சாரமும் தயாராக வேண்டும்.

தண்ணீரும் குழாயைத் திறந்து பிடிக்கிற தண்ணீர் இல்லை. உப்பு, உலோகம், குளோரின் எல்லாம் வடிகட்டிய சுத்த நீரில், கடல் உப்புக் கலவையை அளந்து கரைக்க வேண்டும். அடர்த்தி 1.022-லிருந்து 1.025-க்குள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம். வாரம் தவறாமல் சோதனை, பகுதி நீர் மாற்றம்.

தீனி நாளைக்கு இரண்டு மூன்று வேளை, அளவாக. மிச்சமிருந்தால் உடனே உறிஞ்சி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுகித் தண்ணீரைக் கெடுத்துவிடும். இங்கேதான் சிக்கலே. அதிகம் போட்டால் தண்ணீர் கெடும், குறைத்துப் போட்டால் வயிறு இல்லாத மீன் மெலியும். இரண்டுக்கும் நடுவில் தினமும் கயிறு மேல் நடக்க வேண்டும். ஊருக்குப் போகிற வாரக் கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்து, 'தீனி மட்டும் போட்டுடுங்க அண்ணா' என்று சொல்லிவிட்டுப் போகிற காரியம் இல்லை.

கூட யாரை விடலாம் என்றால், கிட்டத்தட்ட யாரையும் வேண்டாம். டாம்செல் மாதிரி சுறுசுறுப்பான மீன்கள் கடல் குதிரை தலையை நீட்டுவதற்குள் தீனியை முடித்துவிடும். கடல் சாமந்திகளும் சில பவளங்களும் கொட்டும். எங்கே வாலைச் சுற்றக்கூடாது என்று கடல் குதிரைக்குத் தெரியாது. நத்தைகள், அமைதியான சில குட்டி மீன்கள் பரவாயில்லை. நீரோட்டம் அளவாக இருக்க வேண்டும், பம்பின் உறிஞ்சும் வாயை மூடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாலைச் சுற்ற இடம் தேடிப் போய் அதற்குள் மாட்டிக்கொள்ளும்.

இவ்வளவும் செய்தால் பெரிய இனங்கள் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு வாழலாம்.

பிரசவம் அப்பாவுக்கு

கடல் குதிரை பற்றிய எந்தப் பேச்சும் இங்கே வராமல் முடியாது. பெண், முட்டைகளை ஆணின் வயிற்றுப் பக்கம் உள்ள பையில் இட்டுவிட்டுப் போய்விடும். பைக்குள் கரு வளர்வதற்கான ஆக்சிஜன், ஊட்டம், உப்புச் சமநிலை எல்லாம் ஆணின் பொறுப்பு. இனத்தையும் வெப்பத்தையும் பொறுத்து இரண்டிலிருந்து நான்கு வாரம். பிறகு உடம்பை முன்னும் பின்னும் வளைத்து வளைத்து, பிரசவ வலிபோலத் துடித்து, குஞ்சுகளை வெளியே தள்ளும். சில இனங்களில் ஒரே பிரசவத்தில் ஆயிரத்துக்கும் மேல்.

பல இனங்களில் ஒரு இனப்பெருக்கக் காலம் முழுக்க ஒரே ஜோடிதான். தினமும் காலையில் இரண்டும் சந்திக்கும். நிறம் மாறும், ஒரே புல்லைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும். சில நிமிட நடனம். பிறகு அவரவர் வேலை. கர்ப்பமாக இருக்கும் காலத்திலும் இந்தக் காலை வணக்கம் நிற்காது.

ரொமான்டிக்காக இருக்கிறதா? பிரசவம் முடிந்ததும் அப்பாவின் கடமையும் முடிந்தது. குஞ்சுகள் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத அளவில், நீரோட்டத்தோடு போகும். கடலில் ஆயிரத்தில் ஐந்துகூடப் பெரிதாவதில்லை என்பது கணக்கு. தொட்டியில் பிறந்தால் அதைவிடக் கஷ்டம்: பிறந்த அன்றிலிருந்தே நாளுக்கு ஆயிரக்கணக்கில் உயிருள்ள நுண் இரை வேண்டும். அதை வளர்க்கத் தனித் தொட்டிகள் வேண்டும். 'ஜோடி வாங்கினால் குட்டி போடும், விற்கலாம்' என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் கணக்கை மூடுகிறார்கள்.

சரி, இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

2001-ல் மத்திய அரசு, கடல் குதிரைகளும் அவற்றின் சொந்தக்காரர்களான குழல்மீன்களும் அடங்கிய குடும்பம் முழுவதையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் அட்டவணை 1-ல் சேர்த்தது. புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. பிடிப்பது, கொல்வது, விற்பது, வாங்குவது எல்லாம் குற்றம். உயிரோடு இருந்தாலும் சரி, காய்ந்த கருவாடாக இருந்தாலும் சரி. அட்டவணை 1 உயிரினம் தொடர்பான குற்றத்துக்கு மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய்.

எனவே ஆன்லைனில் யாராவது 'ஜோடி இருக்கு ப்ரோ, கூரியர்ல அனுப்புறேன்' என்று சொன்னால், மாட்டப்போவது அவர் மட்டும் இல்லை. வாங்குகிறவரும்தான். 'ஹேட்சரியில பிறந்தது' என்ற வாய்வார்த்தை காப்பாற்றாது. கடலில் பிடித்ததையும் பண்ணையில் பிறந்ததையும் பார்வையால் பிரித்துச் சொல்வது கஷ்டம் என்பதால்தான் இந்தச் சாக்கு சுலபமாக விற்கிறது.

பலர் கவனிக்காத இன்னொன்று: கடல் குதிரை வாலைச் சுற்றிக்கொள்ளும் கடல் விசிறியும், பாறை கட்டும் பவளங்களும்கூட இதே அட்டவணையில் இருக்கின்றன. ராமேஸ்வரம் டூர் போன இடத்தில் அழகாக இருக்கிறதே என்று ஒரு பவளத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து தொட்டியில் வைப்பதும் சட்டப்படி சிக்கல்தான்.

உலக அளவில் வேறு ஏற்பாடு. அழிவாய்ப்புள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தம், 2002-ல் எல்லாக் கடல் குதிரைகளையும் தன் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. 2004 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. இந்தப் பட்டியலில் இருந்தால் வணிகம் தடை இல்லை; ஆனால் அந்த வணிகத்தால் கடலில் இனம் அழியாது என்று ஏற்றுமதி செய்யும் நாடு உறுதி சொல்ல வேண்டும். இன்று உலகச் சந்தையில் உயிரோடு விற்கும் கடல் குதிரைகளில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை என்றால், அதற்கு இந்த ஒப்பந்தம் ஒரு முக்கியக் காரணம்.

பாக் நீரிணையில் நடப்பது

இந்தச் சட்டத்துக்கும் நமக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இந்தியாவில் கடல் குதிரைகள் அதிகம் உள்ள இடங்கள் என்றால் பாக் நீரிணையும் மன்னார் வளைகுடாவும்தான். ராமநாதபுரம், புதுக்கோட்டை, தூத்துக்குடிக் கரைகளை ஒட்டிய ஆழமில்லாத நீரில் பரந்து கிடக்கும் கடல்புல் வெளிதான் இவற்றின் வீடு. ஆவுளியா மேய்வதும் அங்கேதான். ஆவுளியாவுக்காகத் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் தமிழக அரசு பாதுகாப்பகமாக அறிவித்தபோது, கடல் குதிரைக்கும் சேர்த்தே ஒரு குடை கிடைத்தது என்று சொல்லலாம்.

1990-கள் வரை இந்தக் கரையில் கடல் குதிரை ஒரு வருமானம். கடல் அட்டைக்காகவும் சங்குக்காகவும் மூழ்குகிறவர்கள் கையில் பட்டால் எடுத்து வருவார்கள். வலையில் வந்ததைக் காயவைத்து வியாபாரிக்குக் கொடுப்பார்கள். போய்ச் சேரும் இடம் சிங்கப்பூர், ஹாங்காங் வழியாகச் சீன மருத்துவக் கடைகள். சீன மருத்துவத்தில் இதற்கு நூற்றாண்டுகள் பழைய இடம் உண்டு. இந்த உலகளாவிய வணிகத்தை முதலில் விரிவாகத் தோண்டி எடுத்தவர் உயிரியலாளர் அமாண்டா வின்சென்ட். அவருடைய அறிக்கை 1996-ல் வெளியானது. 'புராஜெக்ட் சீஹார்ஸ்' அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரும் அவர்தான்.

தடை வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ராமநாதபுரம் பக்கம் காய்ந்த கடல் குதிரை மூட்டை பிடிபட்ட செய்தி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஏன்?

கடல் குதிரைக்காக வலை வீசுகிறவர் குறைவு. அது வேறு மீனுக்கு வீசிய வலையில் வருகிறது. கடலடியை வாரிக்கொண்டு போகும் விசைப்படகின் இழுவை மடி இறாலையும் மீனையும் தேடிப் போகும்போது, புல்லோடு புல்லாகக் கடல் குதிரையையும் அள்ளுகிறது. ஓட முடியாத மீன் இது என்பதை நினைவில் வையுங்கள். ஆபத்து வந்தால் இதற்குத் தெரிந்த ஒரே தற்காப்பு, வாலை இறுக்கிக்கொண்டு அசையாமல் நிற்பது. வலைக்கு எதிரில் அது எடுபடாது. உலகில் 21 நாடுகளின் தகவலைத் தொகுத்த 2017-ம் ஆண்டு ஆய்வு, இப்படித் தற்செயலாக வலையில் சிக்கும் கடல் குதிரைகள் ஆண்டுக்குக் குறைந்தது 3 கோடியே 70 லட்சம் என்று மதிப்பிட்டது. வீட்டுத் தொட்டிக்காக விற்கப்படுபவை இதன் முன்னால் ஒரு துளி.

இப்போது படகில் இருக்கிறவர் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். வலையை இழுத்து மேலே கொட்டும்போது குப்பையோடு நான்கைந்து கடல் குதிரை. பெரும்பாலும் செத்தவை. தூக்கிப் போட்டால் யாருக்கும் லாபம் இல்லை. வைத்துக் காயப்போட்டால் கொஞ்சம் காசு, ஆனால் மாட்டினால் சிறை. வேண்டுமென்று பிடிக்காத ஒன்றைப் பிடித்ததாகச் சட்டம் பார்க்கிறது என்ற மனக்குறை மீனவர்களுக்கு இருக்கிறது. அதில் நியாயம் இல்லை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. விற்பதைத் தடை செய்த சட்டம், அள்ளும் வலையைத் தொடவில்லை. கடல்புல் வெளியில் இழுவை மடி போகாமல் பார்த்துக்கொள்வது, கரையோரத்தில் விசைப்படகுகளுக்கு உள்ள கட்டுப்பாட்டை உண்மையிலேயே அமல்படுத்துவது போன்ற வேலைகள்தான் கடல் குதிரையைக் காப்பாற்றும் என்று வின்சென்ட் போன்ற ஆய்வாளர்கள் தொடர்ந்து சொல்கிறார்கள். அதைச் செய்வது ஒரு மூட்டையைப் பறிமுதல் செய்து போட்டோ எடுப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

அப்படியென்றால் வீட்டுத் தொட்டிக்குத் தடை ஏன்? கொஞ்சம்தானே? கேள்வி சரிதான். ஆனால் உயிருள்ள கடல் குதிரைக்குச் சந்தை திறந்தால், இதுவரை தற்செயலாக வந்ததைத் தேடிப் போய் எடுக்க ஒரு காரணம் கிடைக்கும். எடுக்கப்படுவது நிலையான ஜோடியில் ஒன்றாக இருந்தால், மிச்சமிருப்பது உடனே வேறு துணை தேடிக்கொள்வதில்லை. நகரவே சிரமப்படும் மீனுக்கு அடுத்த புல்வெளியிலிருந்து ஆள் வருவதும் தாமதமாகும். அந்த இடத்தில் குஞ்சு பிறப்பது அத்தனை நாள் நிற்கும்.

இங்கேயே பண்ணை வைத்தால் என்ன என்ற யோசனையும் புதிதில்லை. நம் கடலில் வாழும் 'ஹிப்போகாம்பஸ் குடா' இனத்தை ஆய்வகத்தில் வளர்த்துக் குஞ்சு எடுக்க முடியும் என்பதை இந்திய ஆராய்ச்சி நிலையங்கள் முன்பே காட்டிவிட்டன. அது ஆய்வகத்தோடு நிற்கிறது.

கடல் மீன்தான் வேண்டும் என்றால்?

கிளவுன் ஃபிஷ் இருக்கிறது. 'நீமோ' என்றால் குழந்தைகளுக்கும் தெரியும். பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும், மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையங்களும் இதைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கின்றன. அட்டவணைச் சிக்கல் இல்லை, தீனியில் அவ்வளவு பிடிவாதம் இல்லை, வயிறு உண்டு. கொளத்தூர் பக்கம் போய் விசாரிக்கும்போது ஒரு கேள்வியை மட்டும் மறக்க வேண்டாம்: ஹேட்சரியில் பிறந்ததா, கடலில் பிடித்ததா? பதிலை ரசீதில் எழுதித் தரச் சொன்னால் இன்னும் நல்லது.

கடல் குதிரையைத்தான் பார்க்க வேண்டும் என்கிறவர்களுக்கு ஸ்கூபா அல்லது ஸ்நார்கலிங் வழி இருக்கிறது. பார்த்ததைப் பதிவு செய்ய 'ஐசீஹார்ஸ்' என்ற பொதுமக்கள் அறிவியல் திட்டமும் இருக்கிறது. அதைப் புராஜெக்ட் சீஹார்ஸ் 2013-ல் தொடங்கியது. எடுத்த போட்டோ, பார்த்த இடம், ஆழம், கீழே இருந்தது புல்லா மணலா என்ற விவரத்தைப் பதிவேற்றினால், எந்த இனம் என்று நிபுணர்கள் அடையாளம் சொல்வார்கள். அடிவயிற்றுக்குக் கீழே, வால் தொடங்கும் இடத்தில் பை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் ஆணா பெண்ணா என்பதையும் நீங்களே எழுதிவிடலாம். ஃபிளாஷ் வேண்டாம், ஃபிரேமுக்காக வாலைப் பிரித்து இடம் மாற்றவும் வேண்டாம். அதிகாலையில் இறங்கினால் ஜோடியாகப் பார்க்கும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம்.